பசித்த ஈரல்

காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இருந்தபோது உலகநாதனின் கைபேசி அடித்தது. கயத்தாற்றுப் பொட்டலில் அன்று காற்று இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இறக்கைகள் அசையாமல் நின்றன. நிற்கும் இறக்கையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. சரியாக இருக்கும் நட்டைக் கழற்றி மறுபடி முடுக்குவான்.

அழைத்தது மாமியார் ஆவுடையம்மாள். மகள் கோமதி இறந்து ஆறு வருஷம். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு.

“மாப்ள, மாமாவுக்கு ஈரல்ல கட்டியாம். ஒங்களுக்கு வந்த அதேதான். ஆஸ்பத்திரியும் அதேதான்.”

“துணை யாரு அத்தை?”

“நாந்தான்.”

அவன் நட்டை முடுக்குவதை நிறுத்தினான்.

“மச்சான்?”

“அவன் மஸ்கட்டுலலா இருக்கான். லீவு கேட்டா வேலை போயிரும்ங்கான். அவன் பொண்டாட்டி போன்ல ஒரே அழுகை. அழுதா நாம என்ன சொல்ல முடியும்? எங்களுக்குக் கூடமாட நிக்க ஆள் இல்ல மாப்ள. மாமா ஒங்கள கூப்பிடக் கூடாதுன்னாவ. நான் கூப்பிட்டுட்டேன்.”

உலகநாதன் இறங்கினான். ஏணிப்படிகளில் கால் தானாக இறங்கியது.

துணை என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இப்போது தனி அர்த்தம் உண்டு. கல்யாண விளம்பரங்களில் ஜாதகப் பொருத்தத்துக்கு அடுத்த வரியில் துணைப் பொருத்தம் என்று போடுகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பாட்டுப் பாடச் சொல்வதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கிறார்கள். யாருக்கு ஈரல் கெட்டாலும் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, துணை யார் என்பதுதான். பதில் பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வரும். மனைவி, தாய், அக்காள், மதினி. ஆண்களுக்கு லீவு கிடைப்பதில்லை.

அவனுக்குத் துணையாக இருந்தவள் கோமதி. அவன் பிழைத்தான். அவள் பிழைக்கவில்லை.

*

ஆஸ்பத்திரி வாசலில் பூக்கடைகள் முன்னைவிட அதிகமாகியிருந்தன. தட்டு நிறைய மஞ்சள் கயிறுகள். “துணைக் காப்பு சார், கோமதியம்மன் பாதத்துல வச்சது” என்று ஒரு பெண் நீட்டினாள். மனைவியின் பெயரைத் தெருவில் கேட்டதும் அவன் வேகமாக நடந்தான்.

மாமனார் சங்கரலிங்கம் கட்டிலில் சாய்ந்திருந்தார். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இளைத்துப்போயிருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

“வந்துட்டாரு” என்றார், மின்விசிறியைப் பார்த்து. “முன்னாடி ஏறுனவன் முன்னாடி எறங்கணும். அதான் முறை. என் பஸ்ஸுல கடேசில ஏறுன புள்ள மொதல்ல எறங்கிட்டு. டிக்கெட்டு வேற ஆளுக்கு.”

“வந்த மனுசன உக்காரக்கூட சொல்லாம ஆரம்பிச்சாச்சா?” என்றாள் ஆவுடையம்மாள். “நீங்க உக்காருங்க மாப்ள.”

உலகநாதன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தான். சிகிச்சைக்குப் பிறகு வந்த பழக்கம் அது. உட்கார்ந்தால் உடம்புக்குள்ளிருந்து எதையோ யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பதுபோல் இருக்கும். பசியும் அப்படித்தான் போனது. ஆறு வருஷமாக அவன் மணி பார்த்துத்தான் சாப்பிடுகிறான்.

டாக்டர் ரெஜினா வந்தாள். அவன் வயதுதான் இருக்கும். அவன் இங்கே படுத்திருந்த காலத்தில் இல்லாதவள். ஆவுடையம்மாளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

“ஏம்மா, வெளியில இருந்தே கதிர் வச்சா ஆவாதா? எங்க தெருவுல ஒருத்தருக்கு அப்படித்தான வச்சாவ.”

“ஒரே ஒரு கட்டின்னா நானே அதைத்தான் சொல்லுவேன்மா. ஐயாவுக்கு ஈரல் முழுக்க விதை தூவுன மாதிரி இருக்கு. மூச்சு விட விட ஈரல் மேல கீழ போகும். அத்தனை புள்ளியையும் குறி வச்சு சுடணும்னா நல்ல ஈரலும் சேர்ந்து வேகும். ஈரல் உடனே அழாது. ஒரு ரெண்டு மாசம் கழிச்சு வயித்துல தண்ணி கோக்கும், கண்ணு மஞ்சளாகும். அப்ப நாங்க ஒண்ணும் செய்ய முடியாது.”

“அதனால வெளிய எடுத்துருவிய.”

“ஆமா. முதல்ல ஒரு மருந்து ஏத்துவோம். போரான் கலந்தது. கட்டி அதை அள்ளி அள்ளிக் குடிக்கும். நல்ல ஈரல் கொஞ்சமாத்தான் குடிக்கும். அப்புறம் ஈரலை எடுத்துட்டுப் போய் நியூட்ரான் கதிர்ல வைப்போம். மருந்து எங்க இருக்கோ அங்க மட்டும் வெடிக்கும். கழுவி, திரும்ப வச்சுத் தைச்சிருவோம்.”

“கறிக்கடையிலயும் இதான் செய்யுதான்” என்றார் சங்கரலிங்கம். “எடுத்து, கழுவி, சுடுதான். திரும்பி வைக்க மாட்டான். அதான் வித்தியாசம்.”

டாக்டர் சிரித்துவிட்டாள். “அந்த நேரத்துக்கு உங்க ரத்தம் குழாய் வழியா அம்மாவோட ஈரலுக்குப் போய்ச் சுத்தமாகி வரும்.”

“கல்யாணம் ஆனதுலேருந்து என் அழுக்க அவதான் தொவைக்கா. புதுசா என்ன?”

“மிஷின் கிடையாதாம்மா இதுக்கு?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

“ஈரல் செய்யிற வேலை ஐநூறு இருக்கும்மா. மிஷினுக்கு நாலஞ்சுதான் தெரியும்.”

கூட வந்த நர்ஸ் கையில் கணினிப் பலகையோடு குனிந்தாள். “அம்மா, சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன் தாயி.”

நர்ஸ் விரலால் தட்டிவிட்டு நகர்ந்தாள். நாளை மறுநாள் காலை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாள்.

*

மதியம், நோயாளிகளின் ஆட்கள் சாப்பிடும் கூடத்தில் ஆவுடையம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். உறவுக்காரி வீட்டில் சமைத்து எடுத்து வந்த சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. அவனுக்கு ஒரு தட்டில் பரிமாறினாள். தனக்குத் தட்டு வைக்கவில்லை.

“நீங்க?”

“நான் சாப்ட்டேன்லா.”

“எப்ப? நான் காலையிலேருந்து இங்கதான் நிக்கேன்.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சேலைத் தலைப்பை விலக்கி வலது மணிக்கட்டைக் காட்டினாள். மஞ்சள் கயிறு. புதிது.

“காலையில கட்டுனேன். மாமா வெளிய வார வரைக்கும் பச்சத்தண்ணிதான். நர்சம்மாட்ட சொல்லிராதிய. அந்தப் புள்ள சத்தம் போடும்.”

உலகநாதன் நின்றபடியே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். விரல்கள் நின்றன.

“அத்தை, கோமு…”

“கோமுவும் இருந்தால்லா! மூணு நா. நாந்தான் சொன்னேன். ‘ஏட்டி, வயித்தக் கட்டுனாத்தான் அம்மன் கண்ணத் தொறப்பா’ன்னேன். ஒங்ககிட்ட சொன்னா ஏசுவியன்னு சொல்லல. பொட்டப்புள்ள சொணங்காம இருந்தா. காலேஜு படிச்ச புள்ளைன்னு பேரு, என்ன வைராக்கியம்!” அவள் முகத்தில் பெருமை. ஆறு வருஷமாகக் கைக்குள்ளேயே வைத்திருந்ததை இப்போதுதான் திறந்து காட்டுகிறாள் என்று தோன்றியது. “அதனாலதான மாப்ள நீங்க இங்க இருக்கிய. அம்மன் ஒண்ணக் குடுத்தா. ஒண்ண எடுத்துக்கிட்டா. அது கணக்கு நமக்குப் புரியாது.”

அவனுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அறுவை அரங்கின் வாசல். இரண்டு தள்ளுக்கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில். கோமு திரும்பிப் பார்த்து, “உலகு, ஒன் அழுக்கெல்லாம் இன்னைக்கு எங்கிட்ட வந்துரும். ரகசியம் எதுவும் இருந்தா இப்பவே சொல்லிரு” என்றாள். ஒரு நர்ஸ் வந்து அவள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைக் கத்தரித்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். ஏதோ கோவில் கயிறு என்று அவன் நினைத்தான்.

நாலாம் நாள் அவள் கண் மஞ்சளானது. அதற்குப் பிறகு சீக்கிரம் முடிந்துவிட்டது. துணையின் ஈரல் தாங்கவில்லை, காரணம் தெரியவில்லை, மிக அபூர்வம் என்றார்கள். அவன் பக்கத்து வார்டில் தையலோடு படுத்திருந்தான்.

“சாப்டுங்க மாப்ள. சொதி ஆறிரும்.”

சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. எழுந்து கை கழுவினான். கழுவிய கையை மறுபடி கழுவினான்.

*

டாக்டர் ரெஜினாவின் அறை நாலாவது மாடியில். அவன் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூச்சு வாங்க உள்ளே போனபோது அவள் உளுந்த வடையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சந்தேகம் டாக்டர். துணையா இருக்கிறவங்க பட்டினி கிடந்தா என்ன ஆகும்?”

“ஒரு நேரமா?”

“ரெண்டு மூணு நாள். தண்ணி மட்டும்.”

“சர்க்கரை குறையும். அதுக்கு நாங்க டிரிப் போட்டுருவோம். அதுல பிரச்சினை…” அவள் நிறுத்தினாள். வடையைத் தாளில் வைத்தாள். “இருங்க. சர்க்கரை மட்டும் இல்ல. ஈரல்ல ஒரு கையிருப்பு உண்டு. விஷம் வந்தா அதைக் கட்டிப்போடுற சரக்கு. நாம சாப்பிடுற சாப்பாட்டுல இருந்து ஈரல் தினமும் செய்யும். சாப்பிடலன்னா அது காலியாகிட்டே வரும். சும்மா இருக்கிற ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அன்னைக்குன்னு பார்த்து ரெண்டு உடம்போட கழிவு, ரெண்டு பேருக்குக் குடுத்த மயக்க மருந்து, எல்லாம் அந்த ஒரு ஈரல் தலையில விழுந்தா…”

“விழுந்தா?”

“அன்னைக்குத் தாங்கும். அப்புறம் மெல்ல மெல்லச் சாகும். மூணு நாலு நாள் கழிச்சுத் தெரியும்.” அவள் அவனையே பார்த்தாள். “ஏன் கேக்குறீங்க?”

அவன் ஜன்னல் பக்கம் போனான். கீழே பூக்கடைகள் தெரிந்தன.

“அந்த மஞ்சக் கயிறு எதுக்குன்னு தெரியுமா டாக்டர்?”

“சாமி கயிறு. அரங்க வாசல்ல வெட்டிருவோம். தொற்று வந்துரக் கூடாதுன்னு. கிண்ணம் கிண்ணமா…” அவள் குரல் தேய்ந்தது. “விரதமா?”

“ஆமா.”

“எல்லாரும் சாப்ட்டேன்னுதான சொல்றாங்க.”

“சொல்லுவாங்க.”

ரெஜினா நெற்றியைத் தேய்த்தாள். “இந்த முறையைக் கண்டுபிடிச்ச ஊர்ல துணைக்கு ஒண்ணும் ஆனதில்ல. இங்கதான் அப்பப்ப ஒருத்தர் போயிடுறாங்க. நாங்களும் மண்டையை உடைச்சிட்டு இருக்கோம். நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு எடை குறைவு, ரத்தசோகைன்னு ஒவ்வொண்ணா எழுதுறோம். அவங்க கையேட்டுல ‘துணைவர் சாப்பிட்டாரா என்று கேட்கவும்’னு ஒரு வரி இருக்கு. நாங்களும் கேக்குறோம். அந்த ஊர்ல கேட்டா உள்ளதைச் சொல்லுவான் போல.” அவள் எழுந்தாள். “நான் கத்தோலிக்கக்காரி. தவக்காலத்துல எங்க அம்மா ஒருசந்தி விரதம் இருப்பாங்க. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் ‘இப்பதான் சாப்ட்டேன்’னு சொல்லுவாங்க. எனக்குத் தோணல பாருங்க. எனக்கே தோணல.”

“எங்க அத்தை இன்னைக்குக் காலையில ஆரம்பிச்சிருக்காங்க.”

“இன்னைக்குத்தானா? அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. இப்ப இருந்து நாளை ராத்திரி வரைக்கும் நல்லாச் சாப்பிட்டாப் போதும். ஈரல் அந்தக் கையிருப்பைத் திரும்பச் செஞ்சிரும். வாங்க, நானே சொல்றேன்.”

“வேண்டாம் டாக்டர்.”

“ஏன்?”

அவள் அவன் முகத்தையும், சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே தெரிந்த தழும்பின் நுனியையும் பார்த்தாள். அந்தச் சிகிச்சையின் தழும்பு அவளுக்குத் தெரியும்.

“உங்களுக்குத் துணையா இருந்தது யாரு?”

“என் மனைவி. அவங்க மக.”

“அவங்க…?”

“நாலாம் நாள் கண்ணு மஞ்சளாச்சு. விரதம் இருக்கச் சொன்னது அத்தைதான். அதனாலதான் நான் பொழச்சேன்னு நினைச்சிட்டிருக்காங்க.”

ரெஜினா மறுபடி உட்கார்ந்தாள். “நான் ரெண்டு விஷயம் சொல்லணும். அவங்க சாப்பிடலன்னா நான் சிகிச்சையை நிறுத்திருவேன். நிறுத்தினா ஐயாவுக்கு அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது. கட்டி பெரிய ரத்தக்குழாய்கிட்ட வந்தாச்சு. இன்னொண்ணு, இதை நான் எழுதித்தான் ஆகணும். இன்னைக்கு இந்தக் கட்டடத்துலயே எத்தனை கையில கயிறு இருக்கோ.”

“எழுதுங்க. அத்தை காதுக்கு வராம எழுத முடியுமா?”

“தெரியல. செய்தியில வந்தா ஊருக்கே தெரியும்.”

“முதல்ல அவங்க சாப்பிடட்டும்” என்றான் உலகநாதன்.

*

அவன் முயற்சி செய்தான். இட்லி வாங்கி வந்தான். பால் வாங்கி வந்தான். டாக்டர் சாப்பிடச் சொன்னார் என்றான்.

“கோமுகிட்டயும்தான் சொன்னாவ” என்றாள் ஆவுடையம்மாள். “டாக்டருக்கு அவ்வோ படிப்பு. எனக்கு எம் புருசன்.”

“தெம்பு வேணும்லா அத்தை.”

“அவளுக்கு இருந்த தெம்பு எனக்கு இருக்காதா? அவ இருந்ததனால நீங்க பொழச்சிய. நான் இருந்தா அவ்வோ பொழைப்பாவ. இதுல என்ன இருக்கு?”

உண்மை அவன் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வாக்கியம் போதும். அவள் உடனே சாப்பிடுவாள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவளத்திலும் மகளைத் தின்பாள். சொல்லாவிட்டால் இன்னொரு மஞ்சள் கண். அவன் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். தூரத்தில் ஒரு பெண், துணையாகத்தான் இருக்கவேண்டும், ஒரு சிறுவனுக்கு ஊட்டிவிட்டு தான் ஒரு வாயும் போடாமல் விரலைக் கழுவினாள். அவள் மணிக்கட்டிலும் கயிறு.

திரும்பி வந்து ஆவுடையம்மாளின் முன் நின்றான்.

“அத்தை, விரதம் நீங்கதான் இருக்கணுமா? வேற ஆள் ஏத்துக்கிட்டா ஆகாதா?”

“வீட்டு ஆளு ஏத்துக்கலாம். ஒடம்புக்கு முடியலன்னா மாத்திக் கட்டுவாவ. எதுக்கு?”

“எனக்குக் கட்டுங்க.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கோமு இருந்தபோது அவன் பார்த்த சிரிப்பு அது.

“மாமனாருக்கு மருமவன் விரதமா? சங்கரன்கோவில்ல சொன்னா தேரு நின்னுரும். அதும் ஒங்ககிட்ட மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை பேசாத மனுசனுக்கு!”

“மருமகனா இல்ல. கோமுவுக்குப் பதிலா. அவ இருந்தா அவ அப்பாவுக்கு அவதான இருப்பா? உங்கள இருக்க விடுவாளா?”

சிரிப்பு நின்றது. அவள் வெகுநேரம் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடமாட்டா” என்றாள். “‘ஏம்மா, நீ மொதல்ல தின்னு’ம்பா. அதட்டுவா.”

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றை அவன் கையில் கட்டினாள். கட்டும்போது உதடு ஏதோ முணுமுணுத்தது.

“பச்சத்தண்ணிதான். ஒளிச்சு டீ குடிச்சிராதிய.”

“மாட்டேன்.”

அவன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். எதிரே உட்கார்ந்தான். அன்று அவன் முதல் முறையாக உட்கார்ந்தது அப்போதுதான். அவள் ஒரு இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டாள். இரண்டாவது இட்லியில் கை மெதுவானது.

“மாப்ள.”

“சொல்லுங்க.”

“காலையிலேருந்து எத்தன தடவ என்னைச் சாப்பிடச் சொல்லிருப்பிய?”

“தெரியல.”

“மாடிக்குப் போய் அந்த டாக்டரம்மாவ வேற பாத்துட்டு வந்திய. வந்தப்ப மொகம் வெளிறிப் போயிருந்துது.” அவள் மென்றாள். “சாப்பிடாட்டி என்ன ஆவும்?”

“ஒண்ணும் ஆகாது. தெம்பு இருக்காது. அவ்வளவுதான்.”

அவள் கண் அவன் கண்ணைவிட்டு நகரவில்லை. அவன் சமாளித்துப் பார்த்தான். கடைசியில் அவன்தான் பார்வையைத் தாழ்த்தினான்.

ஆவுடையம்மாள் பொட்டலத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். எல்லா இட்லியையும் சாப்பிட்டாள். சட்னியை விரலால் வழித்தாள். பாலை ஒரே மூச்சில் குடித்தாள். தொண்டையில் அடைத்தபோது நெஞ்சில் தட்டிக்கொண்டு மறுபடி விழுங்கினாள்.

மறுநாள் முழுக்க அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முட்டை, மீன், கீரை, எது கிடைத்தாலும். ருசித்துச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. ஒரு வேலையை முடிப்பதுபோல் முடித்தாள். சாயங்காலம் கோமுவின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வருவதைக் கண்டதும் அணைத்துவிட்டாள்.

உலகநாதனுக்கு அன்று மத்தியானத்துக்கு மேல் வயிற்றில் என்னவோ செய்தது. முதலில் அவனுக்கு அது என்ன என்று புரியவில்லை.

*

அரங்க வாசலில் இரண்டு தள்ளுக்கட்டில்கள். ஒன்றில் சங்கரலிங்கம். இன்னொன்றில் ஆவுடையம்மாள். டாக்டர் ரெஜினா பச்சை உடையில் நின்றாள். நர்ஸ் கணினிப் பலகையோடு வந்தாள்.

“அம்மா, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

நர்ஸ் விரலைத் தூக்கினாள்.

“இரு தாயி. அத அழுத்தாத.” ஆவுடையம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். “நான் நெசமாத்தான் சாப்ட்டேன். ஆனா நீ இப்படிக் கேட்டா எவளும் இததான் சொல்லுவா. எம் மவளும் இதே வாசல்ல சாப்ட்டேன்னுதான் சொன்னா. மூணு நாளா அவ வயித்துல ஒண்ணும் இல்ல. சொல்லாதன்னு சொன்னது நான். இருக்கச் சொன்னதும் நான்.”

அரங்கக் கதவு ஒரு தடவை தானாகத் திறந்து தானாக மூடியது.

“ஏட்டி” என்றார் சங்கரலிங்கம். “என்ன சொல்லுத?”

“ஒங்க மவள நான் கொன்னேங்கேன். இந்த மனுசன் இல்ல. ஆறு வருசமா இவரப் போயி வெரட்டுனோம். பாவம், இவரு அதத் தெரிஞ்சுக்கிட்டும் ஒரு வார்த்த சொல்லல. எனக்குப் பதிலா பட்டினி கெடக்காரு.” அவள் டாக்டரைப் பார்த்தாள். அழவில்லை. “கேக்காதிய தாயி. இனி எவகிட்டயும் கேக்காதிய. எதுத்தாப்புல உக்காந்து, தின்னு முடிக்கிற வரைக்கும் பாருங்க.”

ரெஜினா அவள் கையைப் பிடித்தாள். “பாக்குறோம்மா.”

“சரி. தள்ளு. நேரமாவுது.”

ஆவுடையம்மாளின் கட்டில் முதலில் உள்ளே போனது. இரண்டாவது கட்டில் கதவருகே வந்தபோது சங்கரலிங்கம் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

“வே.”

“மாமா.”

“நீரு எங்கயும் போயிராதியும். வெளியதான இருப்பீரு?”

“இருப்பேன்.”

“ம். ரைட், போலாம்.” பஸ்ஸைக் கிளப்புவதுபோல் சொன்னார்.

கதவு மூடியது.

அவன் வெளியே உட்கார்ந்திருந்தான். நடக்கவில்லை. உள்ளே அவருடைய ரத்தம் அவளுக்குள் போய் வந்துகொண்டிருக்கும். குழாய் இளஞ்சூடாக இருக்கும். அவன் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறான், மயக்கம் வருவதற்கு முன்னால். அது கோமுவின் சூடு. அதை அவன் ஆறு வருஷமாக நினைத்துப் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்தான். வயிறு இழுத்துப் பிடித்து வலித்தது.

மாலையில் ரெஜினா முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

“ஐயாவுக்கு ஈரல் திரும்ப வச்சாச்சு. நிறம் நல்லா வந்திருக்கு. கண் முழிச்சிட்டாரு. அம்மா அவருக்கு முன்னாடியே முழிச்சாங்க. இப்பவே ஒரு பரிசோதனை பார்த்தோம், அந்தக் கையிருப்பை அளக்கிறதுக்கு. தாங்கும்போல இருக்கு. நாலு நாள் போகட்டும், உறுதியாச் சொல்றேன்.”

அவன் தலையசைத்தான்.

“நீங்க சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்” என்றான்.

யோசிக்காமல், தடங்கல் இல்லாமல் வந்தது அது. ரெஜினாவும் சரி என்று திரும்பி இரண்டடி நடந்துவிட்டாள். பிறகு நின்றாள். அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு, உட்கார்ந்துகொண்டாள்.

உலகநாதன் கொஞ்ச நேரம் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான்.

“இல்ல டாக்டர்” என்றான். “பசிக்குது.”